ஓய்ந்துபோன பள்ளி வேளாண் பிரிவை மீட்டெடுக்க: புதிதாகப் பொறுப்பேற்கும் ஆசிரியருக்குச் சில வழிமுறைகள்

தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கப்பட்டபோது தொழிற்கல்விப் பிரிவுகளும் அதனுடன் சேர்ந்தே வந்தன. வேளாண்மை அவற்றுள் ஒன்று. கொங்கு நாட்டின் பல ஊர்களில் அப்பிரிவு பிறகு ஓய்ந்துபோன விதம் ஏறத்தாழ ஒரே மாதிரியானது. பழைய ஆசிரியர் ஓய்வு பெற்றார். அவருடைய இடம் சில ஆண்டுகள் நிரப்பப்படாமல் கிடந்தது. வேறு பாட ஆசிரியர்கள் புத்தகத்தை மட்டும் வாசித்து முடித்தார்கள். பள்ளி நிலத்தில் சீமைக்கருவேலும் பார்த்தீனியமும் ஏறின. இறுதியில், வேறு பிரிவு கிடைக்காத பிள்ளைகளை அமரவைக்கும் வகுப்பாக அது மாறியது. அப்படிப்பட்ட ஒரு பள்ளியில் பொறுப்பேற்று, முதல் ஆண்டில் பெரிதும் தவறி, அதன் பிறகே வழி கண்டவன் என்ற முறையில், இப்போது அதே நிலையில் நிற்கும் இளைய ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் தவறு இதுதான். வந்த வேகத்தில் அரை ஏக்கரை உழுது தக்காளி நட்டேன். காலாண்டு விடுமுறையில் மோட்டார் எரிந்துபோனது; பழுது பார்க்கப் பணம் ஒதுக்க யாருக்கும் அதிகாரம் இல்லாத பத்து நாட்களில் நட்டதெல்லாம் காய்ந்தது. பிள்ளைகள் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த பயிருக்கு நிலத்தில் இறங்கும்போது அவர்கள் கைகளில் உற்சாகம் இல்லை. நிலத்தில் தோற்ற பயிர் வகுப்பறையையும் தோற்கடிக்கும் என்பதை அன்று புரிந்துகொண்டேன். ஆகவே முதல் ஆண்டுக்கு ஒரே இலக்கு போதும்: ஐந்து சென்ட் நிலத்தில், ஒரே ஒரு முதன்மைப் பயிரை, விதை தேர்வதிலிருந்து விற்றுக் கணக்கு முடிப்பது வரை பிள்ளைகளின் கையாலேயே நிறைவேற்ற வேண்டும். கீழே சொல்லப்படும் ஒவ்வொன்றும் அந்த ஒரு அறுவடையை உறுதிப்படுத்துவதற்காகவே.

மண்வெட்டியை எடுப்பதற்கு முன்

முதல் இரண்டு வாரங்கள் எதையும் தோண்டாதீர்கள். பொருட்கள் இருப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள ஒவ்வொரு மண்வெட்டியும் களைக்கொத்தும் தெளிப்பானும் உண்மையில் இருக்கிறதா என்று தலைமை ஆசிரியர் அறிய ஒப்பிட்டுக் கையெழுத்திடுங்கள். காணாமல் போனவற்றுக்குப் பின்னாளில் நீங்கள் பொறுப்பாக நேரக்கூடாது. பள்ளிக்குரிய நிலத்தின் புல எண்ணையும் வரைபடத்தையும் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லைக்கல் எங்கே, பக்கத்துத் தோட்டத்துக்காரர் வண்டித்தடமாகப் பயன்படுத்தும் பகுதி எது, ஆழ்துளைக் கிணற்றின் மின் கட்டணத்தை யார் செலுத்துகிறார்கள், அந்தத் தண்ணீர் கழிப்பறைக்கும் குடிநீருக்கும் போக எவ்வளவு மிஞ்சும் என்பவற்றுக்கெல்லாம் தெளிவான விடை கிடைத்த பிறகே பயிரைப் பற்றிச் சிந்திக்க வேண்டும்.

தலைமை ஆசிரியரிடம் முதலில் கேட்க வேண்டியது பணமன்று, பாடவேளை. செய்முறை வகுப்புகள் இரண்டு பாடவேளைகளாகச் சேர்ந்தாற்போல், அதுவும் காலையின் முதல் இரண்டாக அமைந்தால்தான் நிலத்தில் வேலை நடக்கும். மண்வெட்டியைக் கையில் எடுத்து, நிலத்துக்கு நடந்து, வேலை முடித்து, கைகால் கழுவி வகுப்புக்குத் திரும்ப ஒற்றைப் பாடவேளை போதாது. பங்குனி வெயிலில் பிற்பகலில் பிள்ளைகளை வெளியே நிறுத்துவது சரியுமன்று. கால அட்டவணை தயாராகும் நாளில் நீங்கள் அருகிலேயே இருங்கள்.

இன்னொன்றையும் அதே உரையாடலில் பணிவாகவும் உறுதியாகவும் சொல்லிவிடுங்கள். பல பள்ளிகளில் வேளாண் பிரிவுப் பிள்ளைகள்தாம் விழாவுக்கு நாற்காலி சுமப்பவர்கள், மைதானத்தில் புல் செதுக்குபவர்கள். இது அந்தப் பிள்ளைகளின் மனத்தில் ஆழமாகத் தைக்கிறது. அவர்கள் மண்வெட்டியைத் தொடுவது பாடத்துக்காக மட்டுமே என்ற விதி பள்ளியில் நிலைபெறாதவரை, அந்தப் பிரிவுக்கு மதிப்புத் திரும்பாது.

தோட்டத்துச் சாளைகளுக்குச் செல்லுங்கள்

கொங்குப் பகுதியில் உழவுக் குடும்பங்கள் பல ஊருக்குள் இல்லாமல் தங்கள் தோட்டத்துச் சாளைகளிலேயே, அதாவது தோட்டத்து வீடுகளிலேயே, வாழ்கின்றன. பெற்றோர் கூட்டத்துக்கு அவர்கள் வருவது அரிது. மாடு கறக்கும் நேரமும் தண்ணீர் கட்டும் முறையும் அவர்களைக் கட்டிப்போட்டிருக்கும். எனவே பத்தாம் வகுப்பு முடிவு வருவதற்கு முன்பே, மாலை வேளைகளில் நீங்கள்தான் போக வேண்டும். போனால் மோர் கொடுத்து உட்காரவைத்து, மரியாதை குறையாமல், ஒரே விடையைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள்: “நாங்க பட்டது போதுங்க சார், பையனாவது நிழல்ல உக்காந்து வேலை பார்க்கட்டுங்க.”

இந்தச் சொல்லை எதிர்த்து வாதாடாதீர்கள். போர் ஆயிரம் அடி போட்டும் தண்ணீர் வராத ஆண்டையும், பறிகூலிக்குக்கூடக் கட்டாத தக்காளி விலையையும் கண்டவர்கள் அவர்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் மாதச் சம்பளம் உறுதியாகக் கிடைக்கும்போது, உழவின் பெருமையை மட்டும் பேசும் ஆசிரியரை அவர்கள் நம்பாமல் இருப்பது நியாயமே. அவர்களிடம் சொல்ல வேண்டியது, இந்தப் படிப்பு பையனைத் தோட்டத்திலேயே கட்டிவைக்காது என்பதும், அது எங்கெங்கே கொண்டுபோகும் என்பதும்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் பட்டப்படிப்புகளில் தொழிற்பிரிவு மாணவர்களுக்கெனத் தனி இடங்கள் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் வேளாண் படிப்புகளுக்கும் கிடைத்தது. பட்டப்படிப்பு எட்டாதவர்களுக்கு இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது. சொட்டுநீர்க் குழாய் அமைத்தல், நாற்றுப்பண்ணை, விதை நிறுவனங்களின் வயல் பணி, பால் கொள்முதல் நிலையம் என்று ஊரைச் சுற்றியே வேலைகளும் இருக்கின்றன. எந்தச் சேர்க்கை விதியையும் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு காட்டிப் பேசுங்கள். நினைவிலிருந்து சொல்லிப் பின்னர் தவறாகிப்போனால் ஒரு குடும்பத்தின் நம்பிக்கை மட்டுமன்றி அந்த வட்டாரத்தின் நம்பிக்கையே போய்விடும்.

பெண் பிள்ளைகளின் வீட்டுக்கும் இதே அக்கறையுடன் செல்ல வேண்டும். வெங்காயம் நடுவதும் களை எடுப்பதும் மஞ்சள் பொறுக்குவதும் இங்கே பெரும்பாலும் பெண்களின் கைவேலைதான். ஆனால் மோட்டார் போடுவதும் மருந்தளவு தீர்மானிப்பதும் விலை பேசுவதும் ஆண்களுக்கென்று ஒதுங்கிவிடுகின்றன. பள்ளி நிலத்தில் கைஉழவு இயந்திரத்தையும் சொட்டுநீர் வடிகட்டியையும் மாணவிகள் கையாளப் பழகினால், அதை வீட்டில் போய்ச் சொல்லும்போது ஏற்படும் மாற்றத்தை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

வகுப்பில் தோட்டத்துக்காரரின் பிள்ளையும், அதே தோட்டத்தில் கூலி வேலைக்குப் போகிறவரின் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஊரின் ஏற்றத்தாழ்வு பாத்திக்குள்ளும் வந்துவிடும்: யார் சாணம் அள்ளுவது, யார் நோட்டில் எழுதுவது என்பது சொல்லாமலேயே முடிவாகிவிடும். இதை நடக்க விடாதீர்கள். எருச் சுமத்தல், தண்ணீர் கட்டுதல், கணக்கெழுதுதல், விற்கப் போதல் ஆகிய நான்கு வேலைகளையும் வாரமுறை வைத்து, பட்டியலாக எழுதிச் சுவரில் ஒட்டி, ஒருவரையும் விலக்காமல் சுற்றிவரச் செய்யுங்கள். எனக்கு இது மற்ற எல்லா வழிமுறைகளையும்விட முக்கியமானது.

மண்ணும் தண்ணீரும்

ஐந்து சென்டைத் தேர்ந்தெடுக்கும்போது தண்ணீர்த் தொட்டிக்கு அருகிலும், ஆசிரியர் அறையிலிருந்து பார்வை படும் தொலைவிலும், மழைநீர் தேங்காத சற்றே மேடான இடத்திலும் இருக்குமாறு பாருங்கள். முதல் செய்முறை வகுப்பையே மண் மாதிரி எடுப்பதாக வைத்துக்கொள்ளலாம். வரப்பு, மரநிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்து இடங்களில், மேல் குப்பையை மட்டும் நீக்கி, ஆங்கில ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, குழியின் பக்கச்சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரே கனத்தில் மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை நீக்கி, மீதியை மறுபடி கலந்து அதே போலப் பிரித்துக்கொண்டே போனால் கடைசியில் அரைக் கிலோ நிற்கும். அதை நிழலில் உலர்த்தி மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புங்கள். முடிவு வந்த நாளில் கார அமில நிலையையும் உப்பின் அளவையும் கரும்பலகையில் எழுதி, செம்மண்ணும் சுண்ணாம்புக் கல்லும் கலந்த நம் நிலங்களில் இரும்பு, துத்தநாகப் பற்றாக்குறை ஏன் அடிக்கடி தென்படுகிறது என்று விளக்கினால், புத்தகத்தில் வறண்டு கிடந்த பாடம் பிள்ளைகளின் சொந்தத் தோட்டத்தைப் பற்றிய பேச்சாகிவிடும். தங்கள் வீட்டு மண்ணையும் கொண்டுவரலாமா என்று இரண்டு பேராவது கேட்பார்கள். கேட்டால் உடனே சம்மதியுங்கள்.

வேலியைப் பற்றி ஒரு சொல். கம்பிவேலிக்குப் பணம் திரட்டக் காத்திருக்காமல், காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடுகளில் இருப்பதைப் போலக் கிளுவைக் குச்சிகளை வெட்டி வந்து நெருக்கமாக ஊன்றலாம். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியும் சேர்ந்த அந்த மேய்ச்சல் நில முறை காங்கேய மாடுகளை வளர்த்த முறை. ஒரு குச்சி ஊன்றும் வேலையிலேயே அந்தப் பாடம் முழுவதையும் சொல்லிவிடலாம். வேலி ஆட்டைத் தடுக்குமே தவிர மயிலைத் தடுக்காது. கொங்கில் இன்று விதைத்த பயறும் முளைத்த கடலையும் மயிலிடமிருந்து தப்புவது கடினம் என்பதால், விதைப்பாத்திகளுக்கு மட்டுமாவது வலை வாங்கிவிடுங்கள். அது சட்டத்தால் காக்கப்படும் பறவை, விரட்டுவதற்கு மேல் எதுவும் செய்யக்கூடாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

தண்ணீர்ப் பாடத்தைக் குழாயோடு நிறுத்திவிடாமல், அது வரும் வழியைக் காட்ட ஒருநாள் ஒதுக்குங்கள். ஈரோட்டுப் பக்கத்துப் பள்ளி என்றால் காளிங்கராயன் வாய்க்கால், கோபிப் பக்கம் என்றால் கொடிவேரி அணைக்கட்டும் கீழ்பவானி வாய்க்காலும், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் என்றால் பரம்பிக்குளம் ஆழியாறு பாசனம், அவிநாசிப் பக்கம் என்றால் 2024இல் செயல்பாட்டுக்கு வந்த அத்திக்கடவு திட்டத்தால் தண்ணீர் பெறும் குளங்கள். தம் ஊர்த் தண்ணீர் எங்கிருந்து, எந்த முறையில் வருகிறது என்று தெரிந்த பிள்ளை, சொட்டுநீர்க் குழாயின் துளை அடைத்திருப்பதைத் தானாகவே கவனிக்கத் தொடங்கும்.

பள்ளி ஆண்டுக்கு ஏற்ற பயிர்

“ஆடிப்பட்டம் தேடி விதை” என்பது நம்மவர் சொல். பள்ளி ஆசிரியர் அதனுடன் தேர்வு அட்டவணையையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஜூனில் வகுப்புகள் தொடங்கி, செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, மார்ச்சில் பொதுத்தேர்வு என்று போகும் ஆண்டுக்குள் முளைத்து முதிரக்கூடிய பயிர்களில், மஞ்சளைப் போல இந்த நாட்டுக்குப் பொருந்துவது வேறில்லை என்பது என் முடிவு. ஜூனில் நட்டால் எட்டொன்பது மாதத்தில், பள்ளி ஆண்டு முடிவதற்குள், தோண்டிவிடலாம். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பவானிசாகர் ஆராய்ச்சி நிலையம் பி.எஸ்.ஆர். 1, பி.எஸ்.ஆர். 2 ஆகிய இரகங்களை வெளியிட்டிருக்கிறது. இவை அனைத்தும் பிள்ளைகளுக்கு அறிமுகமான நிலப்பரப்பிலேயே நடந்தவை. பன்னிரண்டாம் வகுப்பினர் பிப்ரவரிக்குப் பிறகு நிலத்துக்கு வர முடியாது என்பதால், மஞ்சளைப் பதினொன்றாம் வகுப்பின் பொறுப்பில் விட வேண்டும்.

கணக்கை நடவுக்கு முன்பே போடவையுங்கள். 45 செ.மீ. வரிசை இடைவெளி, 15 செ.மீ. கிழங்கு இடைவெளி என்றால் ஒரு செடிக்கு எத்தனை சதுர செ.மீ.? ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40.5 சதுர மீட்டர். அப்படியானால் ஒரு சென்டில் எத்தனை செடி? விடை ஏறக்குறைய 600. ஹெக்டேருக்கு 1500 முதல் 2000 கிலோ விதைக்கிழங்கு என்ற பரிந்துரையைச் சென்டுக்கு மாற்றினால் 6 முதல் 8 கிலோ வருகிறது. கணக்குக்குப் பயந்து இந்தப் பிரிவுக்கு வந்த பிள்ளை, தான் நடப்போகும் கிழங்கை எண்ணுவதற்காக அதே கணக்கைத் தயங்காமல் போடுவதைப் பார்ப்பது ஓர் ஆசிரியருக்குக் கிடைக்கும் பெரும் நிறைவு.

மஞ்சள் மட்டும் இருந்தால் பிள்ளைகள் எட்டு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த வயதில் அது நீண்ட காலம். ஆகவே இரண்டு சென்டில் மஞ்சளும், அதன் பார்களின் (மண் அணைத்த மேட்டு வரிசைகளின்) ஓரத்தில் ஊடுபயிராகச் சின்ன வெங்காயமும், ஒரு சென்டில் சிறுகீரை, முளைக்கீரை, முள்ளங்கியும், மீதியில் வெண்டையும் கொத்தவரையும் வையுங்கள். கீரை 25 நாளில் கைக்கு வரும். வெண்டை 45 நாளில் காய்க்கத் தொடங்கும். வெங்காயத்தை எழுபது நாளில் பிடுங்கலாம். ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒன்று கூடையில் ஏறிக்கொண்டிருப்பதால் ஆர்வம் வடியாது. பொங்கலுக்கு முதல் வாரம் மஞ்சளில் ஒரு பகுதியை இலையோடு கொத்தாகப் பிடுங்கி விற்கலாம். பானையில் கட்டப் பள்ளித் தோட்டத்து மஞ்சளைத் தேடி வாங்கும் அம்மாக்கள் இருப்பார்கள். மீதியை முதிர விட்டு விதைக்கு வையுங்கள்.

விடுமுறைதான் பள்ளிப் பண்ணைகளின் பெரும் பகை. காலாண்டு விடுமுறைக்கு ஒரு மாதம் முன்பே, பள்ளிக்கு நடக்கும் தொலைவில் வீடுள்ள மாணவர்களை இருவர் இருவராகச் சேர்த்து, அவர்களின் பெற்றோர் சம்மதக் கடிதத்துடன் தண்ணீர் முறை எழுதிவிடுங்கள். இரவுக் காவலரிடமோ அருகிலுள்ள தோட்டத்துக்காரரிடமோ மாற்றுச் சாவி இருக்கட்டும். மோட்டார் பழுதுக்கு யார், எந்தக் கணக்கிலிருந்து, எவ்வளவு வரை செலவு செய்யலாம் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமாகவே பதிந்துவைத்தால், எனக்கு நேர்ந்தது உங்களுக்கு நேராது. கோடை விடுமுறையில் பயிர் எதுவும் வேண்டாம். கோடை மழை பெய்தால் ஒரு உழவு ஓட்டிப் போடுங்கள். தண்ணீர் வசதி இருந்தால் பசுந்தாள் உரத்துக்காகச் சணப்பு விதைத்து, பூக்கும் நேரத்தில் மடக்கி உழுதுவிடலாம்.

செய்முறை என்றால் என்ன

செய்முறைப் பதிவேட்டில் படம் வரைந்து கையெழுத்து வாங்குவதே செய்முறை என்ற பழக்கம் வேரூன்றியிருக்கும். அதை மாற்ற, கையால் செய்து விடை காண வேண்டிய கேள்விகளை வாரத்துக்கு ஒன்றாகக் கொடுங்கள். கடையில் வாங்கிய விதைப் பொட்டலத்தில் எழுதியுள்ள முளைப்புத்திறன் உண்மைதானா? நூறு விதைகளை ஈரத்துணியில் சுருட்டி வைத்து, முளைத்தவற்றை எண்ணிப் பார்க்கட்டும். உப்புக் கரைசலில் முட்டை மிதக்கும் அடர்த்தி வந்ததும் நெல் விதையைக் கொட்டினால் எது மிதக்கிறது, எது அமிழ்கிறது? வீட்டில் கிடக்கும் காலி மருந்து டப்பாக்களின் முக்கோணத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை ஆகியவற்றுள் எது இருக்கிறது, அதன் நச்சளவு என்ன என்பதை, டப்பாவைத் தொடாமல் கைப்பேசியில் படமெடுத்து வரச் சொல்லலாம். சிவப்பு முக்கோணத்தின் பொருளைத் தெரிந்துகொண்ட பிள்ளை அன்றிரவே தன் அப்பாவிடம் அதைப் பற்றிப் பேசும்.

பூச்சிகளைப் பற்றிய பாடத்துக்குக் கொங்கு நாட்டைப் போன்ற ஆய்வுக்கூடம் கிடைப்பது அரிது. 2008இல் கோவைப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நில்லாமல் மரவள்ளியையும் மல்பெரியையும் அழித்துக்கொண்டு பரவியது. மருந்தடித்து மாளாத அந்தப் பூச்சியை, வெளிநாட்டிலிருந்து வரவழைத்து 2010இல் விடப்பட்ட அசிரோபேகஸ் என்னும் சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவி அடக்கியது. 2016இல் பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் இந்தியாவிலேயே முதலாகத் தென்பட்ட சுருள் வெள்ளை ஈயை இன்றும் ஓலையின் அடியில் காணலாம். அதன் கீழே படியும் கரும்பூசணத்தையும், அந்த ஈயை அழிக்கும் என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவி தாக்கிக் கருத்துப்போன கூட்டுப்புழுக்களையும் கைவில்லையில் பார்க்கவைத்துவிட்டு, கண்ட கண்ட மருந்தை அடித்தால் முதலில் சாவது யார் என்று கேளுங்கள். விடையை அவர்களே சொல்வார்கள். மஞ்சள் ஒட்டும் பொறிக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. மஞ்சள் வண்ணத் தகட்டில் விளக்கெண்ணெய் தடவித் தொங்கவிட்டால் போதும்.

சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துச் செய்யும் ஊட்டக் கரைசலான பஞ்சகவ்யத்தைப் பலரிடம் பரவச் செய்தவர் கொடுமுடியைச் சேர்ந்த மருத்துவர் கே. நடராசன் என்பது நம் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்தி. அதைத் தயாரிக்கும்போது அளவுகளை அளந்தே சேர்க்கவும், மூன்று விழுக்காட்டுக் கரைசலாக, அதாவது பத்து லிட்டர் தண்ணீருக்கு முந்நூறு மில்லி கலந்து, வெண்டைப் பாத்தியில் பாதிக்கு மட்டும் தெளிக்கவும், மறுபாதியை அப்படியே விடவும் செய்யுங்கள். இரண்டு பாதியின் காய் எடையையும் தனித்தனியே எழுதி ஒப்பிட்ட பிறகே அவர்கள் கருத்துச் சொல்லட்டும். நம் வகுப்பில் இயற்கை உரத்தையோ செயற்கை உரத்தையோ நம்பிக்கையால் ஏற்பதும் தள்ளுவதும் வேண்டாம், தராசு சொல்லட்டும்.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்கக் கூடாதவை சில உண்டு. மாணவர் எவரும் பூச்சிக்கொல்லியைக் கலக்கவோ தெளிக்கவோ கூடாது. மின்பெட்டியை ஆசிரியர் மட்டுமே திறக்க வேண்டும். பார்த்தீனியத்தை வெறுங்கையால் பிடுங்கக் கூடாது. பூப்பதற்கு முன்பே, கையுறையுடன் வேரோடு எடுக்க வேண்டும். கைப்பிடிச் சுவரில்லாத கிணறு பக்கத்தில் இருந்தால் அந்தத் திசைக்கே வகுப்பைக் கொண்டுபோகாதீர்கள்.

ஊரே ஆசிரியர்

புதிய ஆசிரியருக்கு எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை ஓர் உழவரை வகுப்புக்கு அழைத்து, கரும்பலகை முன் நிறுத்தாமல் பாத்தி முன் நிற்கவைத்துப் பேசச் சொல்லுங்கள். ஒரு மாணவியின் அம்மிச்சி ஒருநாள் வந்து, விதை வெங்காயத்தை எப்படிப் பட்டறை போட்டுக் காற்றோட்டமாக வைப்பது என்று மூங்கில் தடுக்கையும் ஓலையையும் கொண்டு செய்து காட்டினார். அன்றைய வகுப்பை அந்தப் பிள்ளைகள் இன்றும் மறக்கவில்லை. அந்த வகுப்பில் பேத்தி நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததையும் நான் மறக்கவில்லை.

வேளாண் அறிவியல் நிலையங்கள் பெரும்பாலான மாவட்டங்களில் இருக்கின்றன; கோபிசெட்டிபாளையம், நாமக்கல் நிலையங்கள் நமக்கு அருகில் உள்ளவை. கோவையில் 1912ஆம் ஆண்டு முதல் இயங்கும் கரும்பு இனப்பெருக்க நிலையத்துக்கும், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகத்துக்கும் முன் அனுமதிக் கடிதம் எழுதி அழைத்துச் செல்லுங்கள். ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தை கூடும்போது, காங்கேயத்தையும் பர்கூர் மலை மாட்டையும் ஒரே இடத்தில் அடையாளம் காணப் பழகலாம். ஆனால் சுற்றுலாவைவிடப் பயன் தருவது உழவர் சந்தைதான். வாரம் ஒருமுறை இரண்டு பேர் போய் ஐந்து காய்களின் விலையைக் குறித்துவந்து சுவரில் வரைபடமாக ஏற்றிக்கொண்டே வந்தால், மார்கழியில் முருங்கை ஏன் எட்டாத விலையில் நிற்கிறது என்பதை ஆண்டு முடிவில் அவர்களே விளக்குவார்கள்.

பணம், பதிவேடு

விளைந்ததை முதலில் சத்துணவு மையத்துக்குக் கொடுங்கள். மிஞ்சியதை ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் விற்கலாம். விற்ற பணத்தை ஒருநாள்கூட உங்கள் சட்டைப் பையில் வைத்திருக்காதீர்கள். பற்றுச்சீட்டுப் புத்தகம், எடைக் குறிப்பேடு, பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கில் செலுத்திய சீட்டு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அவற்றை எழுதுவது மாணவர்கள், சரிபார்ப்பது நீங்கள், கையெழுத்திடுவது தலைமை ஆசிரியர். பிள்ளைகளின் உழைப்புக்கும் ஊர்க்கூலி விகிதத்தில் மதிப்புப் போட்டுச் செலவுப் பக்கத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அப்போது லாபம் பெரிதும் சுருங்கிவிடும். சில பயிரில் நட்டமாகவே வரும். அதை மறைக்க வேண்டாம். தங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் தங்கள் கூலியைக் கணக்கில் சேர்க்காமலேயே இத்தனை ஆண்டு பண்ணையம் பார்த்திருக்கிறார்கள் என்பது அந்த நோட்டின் முன்தான் பிள்ளைகளுக்கு உறைக்கும். எந்தப் பயிரை விட வேண்டும், எதில் செலவைக் குறைக்கலாம், எதை நேரடியாக விற்கலாம் என்ற பேச்சு அங்கிருந்தே தொடங்கும்.

உதவி கேட்பதிலும் ஒரு வரிசை உண்டு. முதல் அறுவடையும் கணக்கும் கையில் இருக்கும்போது முன்னாள் மாணவர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் அணுகுங்கள். வெறும் திட்டத்தைக் காட்டிக் கேட்டபோது எனக்கு வாழ்த்து மட்டுமே கிடைத்தது. கணக்கு நோட்டைக் காட்டிக் கேட்டபோது சொட்டுநீர்க் குழாயும் தண்ணீர்த் தொட்டியும் கிடைத்தன. பணமாக வாங்காமல் பொருளாக வாங்கி, அன்றே இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

ஆண்டின் கடைசி வேலை, பிப்ரவரி இறுதியிலோ மார்ச் தொடக்கத்திலோ மஞ்சளைத் தோண்டுவது. இலை காய்ந்து சாய்ந்ததும் தாளை அறுத்துவிட்டு, நிலத்துக்கு இலேசாகத் தண்ணீர் விட்டு, கிழங்கு முறியாமல் கொத்தித் திருப்ப வேண்டும். நோயில்லாத, பருத்த கிழங்குகளை விதைக்கென்று தனியே பொறுக்கி, நிழலில் குவித்து மஞ்சள் இலையால் மூடி வையுங்கள். அதே நிலத்தில் அடுத்த ஆண்டும் மஞ்சள் வைத்தால் கிழங்கழுகலும் நூற்புழுவும் கூடும் என்பதால், புதிய இரண்டு சென்டை இப்போதே அளந்து முளைக்குச்சி அடித்துவிடுங்கள். ஜூனில் புதிய பதினொன்றாம் வகுப்பு வந்ததும், பன்னிரண்டாம் வகுப்புக்குப் போன பிள்ளைகள் அந்த விதைக்கிழங்கை எடைபோட்டு அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். எத்தனை கிலோ, எந்தப் பாத்தியில் விளைந்தது, யார் கொடுத்தார், யார் பெற்றார் என்று இரு வகுப்பாரும் பதிவேட்டில் கையெழுத்திட்ட பிறகு நடவு தொடங்கலாம்.